காது பக்கம் புரட்டாது: குமரி எல்லையில் வானொலி இலக்கிய உரையாடல்

மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ டிரான்சிஸ்டர் வைத்திருந்த வீடுகளில், முள்ளை எங்கே நிறுத்துவது என்பது அன்றாடக் கேள்வியாக இருந்தது. திருவனந்தபுரம் 1161 கிலோஹெர்ட்ஸ், திருநெல்வேலி 1197. இடையே இருப்பது 36 கிலோஹெர்ட்ஸ். மத்திய அலையில் நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்குவார்கள் என்பதால், நாலே படி. டயலில் பார்த்தால் ஒரு நெல்மணி நீளம்கூட இருக்காது. அதற்குள் மலையாளம் முடிந்து தமிழ் தொடங்கிவிடும்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. திருவிதாங்கூர் அரசு 1943-இல் திருவனந்தபுரத்தில் வானொலி தொடங்கியபோது, இன்றைய குமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அந்த அரசுக்கு உட்பட்டவை. 1950 ஏப்ரல் 1 அன்று அந்த நிலையம் அகில இந்திய வானொலியிடம் போனது. 1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருநெல்வேலி நிலையம் வந்தது 1963-இல். இடைப்பட்ட ஏழு ஆண்டுகள், நிலப்படத்தில் தமிழ்நாடாகிவிட்ட ஊர்களுக்கு மிக அருகிலிருந்த நிலையம் திருவனந்தபுரம்தான். 1984 அக்டோபர் 30-இல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக நாகர்கோவில் 101 மெகாஹெர்ட்ஸில் பேசத் தொடங்கியபோது, இங்குள்ள நேயரின் காதுகள் ஏற்கெனவே இரண்டு மொழிகளுக்குப் பழகிவிட்டிருந்தன.

பாலக்காட்டுக் கணவாயில் கோவையின் 999-உம் திருச்சூரின் 630-உம் ஒரே டயலில் கிடைத்தன. திருத்தணி, சித்தூர்ப் பக்கம் தமிழும் தெலுங்கும் இதே போல. ஆனால் இலக்கியத்தையும் தத்துவத்தையும் வானொலியில் பேசுவது பற்றிச் சொல்ல, குமரி எல்லை மாதிரி இடம் வேறில்லை. இங்கே இருக்கும் நேயர் இரண்டு மொழியும் பாதிக்கு மேல் அறிந்தவர். அரைகுறையாகச் சொன்னால் பிடித்துவிடுவார். அவர் காதுக்கு ஓர் உரையாடலை எப்படிக் கட்டுவது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

மலைக்கு அப்பால் எது கேட்கும்

நிகழ்ச்சி தயாரிப்பவர் முதலில் அறிய வேண்டியது, தம் குரல் நேயரிடம் எந்த நிலையில் போய்ச் சேர்கிறது என்பதை. 1197 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். அது நிலத்தை ஒட்டி ஊர்ந்து, குன்றுகளைச் சுற்றிக்கொண்டு போகும். 101 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் 3 மீட்டர்தான். அதற்குக் கிட்டத்தட்ட நேர்ப்பார்வை வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மடிப்பு குறுக்கே வந்தால் நிழல் விழுந்துவிடும். ரப்பர் தோட்டத்து மேட்டில் தெளிவாகக் கேட்ட எஃப்.எம். அடுத்த வளைவில் காணாமல் போவது இதனால்தான்.

ஆனால் மத்திய அலையில் ஒலியின் அகலம் குறைவு. 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் அடங்க வேண்டியிருப்பதால், 4.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் பெரும்பாலும் வெட்டுப்படும். எஃப்.எம்.மில் 15 கிலோஹெர்ட்ஸ் வரை கிடைக்கும். நம் பேச்சில் ச, ஸ, ஷ ஆகியவற்றின் கூர்மை அந்த வெட்டுப்படும் பகுதியில்தான் இருக்கிறது. உயிரெழுத்துகள் பிழைத்துக்கொள்ளும், மெல்லிய உரசலொலிகள் பிழைப்பதில்லை. இன்னொரு சிக்கல் இரவில். பகலில் மத்திய அலையை உறிஞ்சிக்கொள்ளும் வளிமண்டல அடுக்கு ஒன்று சூரியன் மறைந்ததும் கலைந்துவிடும். அப்போது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையங்களும் மேலே பட்டுத் திரும்பி வந்து, அதே அலைவரிசையில் குறுக்கிடும். குரல் எழும், அமிழும், சில வினாடிகள் இல்லாமலே போகும். இலக்கிய நிகழ்ச்சிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுவது இரவு எட்டு மணிக்கு மேற்பட்ட நேரம். அதாவது, மிக நுணுக்கமான பேச்சு மிக மோசமான நேரத்தில் போகிறது.

ஆகவே சில பழக்கங்கள் கட்டாயமாகின்றன. பேசப்படுபவரின் பெயரை முதல் இரண்டு நிமிடங்களில் மூன்று முறை சொல்ல வேண்டும். ஆண்டைச் சொன்னால் அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு குறிப்பும் வேண்டும்: ‘1891, அதாவது பாரதி எட்டு வயதுப் பையனாக இருந்தபோது’ என்பது போல. கவிதை வரியை இரண்டு முறை படிக்க வேண்டும், இரண்டாவது முறை மெதுவாக. அச்சில் இவை கூறியது கூறல். வானொலியில் இவை மரியாதை.

சொல்லை முதலில் தீர்த்துக்கொள்வது

தத்துவத்தை வானொலியில் பேச முடியுமா என்ற சந்தேகத்துக்கு நல்ல பதில் 1948-இல் கிடைத்தது. அந்த ஆண்டு ஜனவரியில் பி.பி.சி.யில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் பாதிரியார் கோப்பிள்ஸ்டனும் கடவுள் உண்டா என்று விவாதித்தார்கள். கோப்பிள்ஸ்டன் செய்த முதல் காரியம், கடவுள் என்ற சொல்லை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது என்று எதிராளியின் ஒப்புதலைப் பெற்றது. பிறகுதான் வாதம். அந்த ஒப்புதல் ரஸ்ஸலுக்காக மட்டும் கேட்கப்பட்டதாகத் தோன்றவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேயருக்கு அதுதான் நுழைவாயில். 1998 முதல் பி.பி.சி.யில் நடந்துவரும், ஒரு தொகுப்பாளரும் மூன்று பேராசிரியர்களும் முக்கால் மணி நேரம் ஒரே பொருளைப் பேசும் நிகழ்ச்சியிலும் இதே ஒழுங்கைக் கேட்கலாம். சொல் முதலில், காலமும் இடமும் அடுத்து, சிக்கல் அதற்குப் பிறகு.

எல்லைப்புறத்தில் இந்த ஒழுங்கு பத்து மடங்கு அவசியம். மலையாள எழுத்தாளரைத் தமிழ் நிகழ்ச்சிக்கு அழைக்கிறோம். அவர் பேசும் தமிழ் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் வருவது தெரியாத சொற்களால் இல்லை; தெரிந்த சொற்களால்தான். ‘சாகித்யம்’ என்று அவர் சொல்வது இலக்கியத்தை. தமிழ்க் காதுக்கு அது கீர்த்தனையின் பாட்டு வரிகள். ‘நிரூபணம்’ அவருக்கு விமர்சனம், நமக்கு மெய்ப்பித்தல். ‘உபன்யாசம்’ அவருக்குக் கட்டுரை. நமக்குக் கோயில் மண்டபத்தில் நடக்கும் கதாகாலட்சேபம். ‘ஆலோசனை’ அவருக்குச் சிந்தனை. நமக்கு யோசனை சொல்வது. ‘அவசரம்’ மலையாளத்தில் வாய்ப்பு, தமிழில் விரைவு, சித்தூர்ப் பக்கம் போனால் தெலுங்கில் தேவை. ஒரே சொல் மூன்று மாநிலங்களில் மூன்று வேலை பார்க்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் ‘சம்சாரம்’. தத்துவத்தில் அது பிறவிச் சுழல். தமிழ் வீட்டில் மனைவி, குடும்பம். மலையாளத்தில் வெறும் பேச்சு. வேதாந்தம் பற்றிய உரையாடலில் விருந்தினர் ‘சம்சாரத்தை நிறுத்த வேண்டும்’ என்றால், கேட்கிற மூன்று பேரும் மூன்று விதமாகத் தலையாட்டுவார்கள்.

இதைக் கையாளுவதில்தான் தொகுப்பாளரின் திறமை தெரியும். தவறான வழிகள் இரண்டு. ஒன்று, விருந்தினரின் சொல்லைப் பின்னால் வெட்டி எடுத்துவிட்டு அறிவிப்பாளர் குரலில் தமிழ்ச் சொல்லை ஒட்டுவது. இன்னொன்று, கண்டுகொள்ளாமல் விடுவது. சரியான வழி, அந்த இடத்திலேயே நின்று கேட்பது. ஒரு மாதிரி:

“கவிதைக்கு விகாரம் வேணும். விகாரம் இல்லாத கவிதை செத்த கவிதை.”

“சார், மலையாளத்துல விகாரம்னா உணர்ச்சி. நம்ம நேயர்களுக்கு அது அவலட்சணம்னு கேட்கும். உணர்ச்சின்னே எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கலாம். ஆனா உணர்ச்சியிலயும் கொஞ்சம் கூடுதல். உடம்பைப் பிடிச்சு உலுக்குறது.”

பத்து வினாடிதான் செலவு. ஆனால் மூன்றாவது வரியைப் பாருங்கள். மொழிபெயர்ப்புக்காகக் கேட்ட கேள்வி, விருந்தினரிடமிருந்து அவர் கவிதைக் கொள்கையையே வெளியே கொண்டுவந்துவிட்டது. விகாரம் என்பதற்கு ஒரு சொல் ஈடாகாது என்பதும், ஏன் ஈடாகாது என்பதும் ஒன்றாகப் புரிந்துவிடுகிறது. இது போன்ற இடங்கள் ஓர் அரைமணி நேரத்தில் மூன்று கிடைத்தால் அந்த நிகழ்ச்சி தேறிவிட்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தினால் உரையாடல் அகராதியாகிவிடும். எந்தச் சொற்களில் நிற்பது என்பதைப் பதிவுக்கு முன்பே முடிவு செய்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வாதம் எந்தச் சொல்லின் மேல் நிற்கிறதோ அதில் மட்டும் நிற்க வேண்டும். விளவங்கோட்டுப் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்பார்கள், மலையாளம் போலவே. அதற்காக யாரும் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டு மொழியிலும் ஒரே பொருளில் நிற்கும் சொற்களும் உண்டு. அவை கிடைத்தால் பொன். ‘அறிவு’ அப்படிப்பட்டது. கேரளத்துத் துறவி நாராயண குரு அந்தப் பெயரிலேயே மலையாளத்தில் பதினைந்து செய்யுள்களில் ஒரு நூல் இயற்றினார். வடமொழிக் கலைச்சொற்களைத் தள்ளிவைத்து, அறிவு, அறிபவன், அறியப்படுவது என்று நாட்டுச் சொல்லை வைத்தே அத்வைதத்தைச் சொல்லும் முயற்சி அது. தமிழ் நேயர் அதன் பல சொற்களை மொழிபெயர்ப்பு இல்லாமலே பின்தொடர முடியும். குருவே தமிழிலும் பதிகங்கள் பாடியவர். எல்லைப்புற நிலையம் ஒன்று தத்துவ வரிசை தொடங்க விரும்பினால், தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று படுகிறது. மேலை நாட்டு இருத்தலியலில் தொடங்கி நேயரை முதல் வாரமே இழப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

வினை கடைசியில் வரும் மொழி

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. படிக்கும்போது இது தொல்லையில்லை. கண் முன்னும் பின்னும் போய்வரும். காது அப்படிப் போக முடியாது. அது எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு வினைக்காகக் காத்திருக்கும். எட்டு ஒன்பது சொற்களுக்கு மேல் போனால் முதலில் பிடித்ததைக் கீழே போட்டுவிடும்.

பேராசிரியர்கள் எழுதிக் கொண்டுவரும் வாக்கியம் ஒன்றைப் போல் செய்து பார்ப்போம்: ‘ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றி, மேலைத் தத்துவத்தையும் நம் மரபின் சிந்தனையையும் இணைத்து நோக்கி, அதனை நாடக வடிவில் 1891-இல் வெளியிட்ட சுந்தரம் பிள்ளையின் படைப்பு இன்று அதன் வாழ்த்துப் பாடலால் மட்டுமே அறியப்படுகிறது.’ இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் யாரைப் பற்றிய பேச்சு என்பது இருபது சொல் தாண்டித்தான் தெரிகிறது. அதுவரை காது இருட்டில் நிற்கிறது.

வானொலிக்கு அதையே இப்படிச் சொல்லலாம்: ‘நீராரும் கடலுடுத்த. பள்ளிக்கூடத்தில் தினமும் பாடியது. இதை எழுதியவர் சுந்தரம் பிள்ளை. ஊர் ஆலப்புழை. வேலை பார்த்தது திருவனந்தபுரத்தில், மகாராஜா கல்லூரியில், தத்துவப் பேராசிரியராக. அவர் எழுதியது ஒரு முழு நாடகம். 1891-இல் வந்தது. அதன் வாழ்த்துப் பாட்டு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. மீதி நாடகம் என்ன சொல்கிறது?’

சொற்கள் சற்றே கூடின, மேலைத் தத்துவத்தையும் நம் மரபையும் இணைத்தார் என்ற ஒரு தகவல் மட்டும் பிறகு சொல்வதற்காக நிற்கிறது. தெரிந்ததில் தொடங்கித் தெரியாததற்குப் போகிறது, பெயர் மூன்றாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, கடைசியில் கேள்வி நிற்கிறது. ‘மேற்கண்ட’, ‘கீழ்வரும்’, ‘முன்னவர் பின்னவர்’ ஆகிய மூன்றும் வானொலியில் செத்த சொற்கள். மேலும் இல்லை, கீழும் இல்லை. முன்னவர் யார் என்று பார்க்க நேயர் எங்கே திரும்புவார்?

அகில இந்திய வானொலியில் நீண்ட காலம் உரைகளை எழுதி வாங்கி, பார்த்து, பிறகே ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் இருந்தது. அதனால் தகவல் பிழைகள் குறைந்தன. நேரம் கச்சிதமாக அமைந்தது. விலையும் உண்டு. எழுதியதைப் படிக்கும் குரல் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே உயரத்தில் தொடங்கி ஒரே பள்ளத்தில் முடிக்கும். இரண்டு பேர் எழுதி வைத்த உரையாடலைப் படித்தால், அந்தச் செயற்கை முதல் நிமிடத்திலேயே தெரியும். இடைவழி ஒன்று இருக்கிறது. பேசுபவர் முழுவதையும் எழுதட்டும், இரண்டு முறை சத்தமாகப் படிக்கட்டும், பிறகு அந்தத் தாளைத் தயாரிப்பாளரிடம் கொடுத்துவிட்டு, மேற்கோள்களும் ஆண்டுகளும் மட்டும் உள்ள ஒரு அட்டையோடு மைக் முன் உட்காரட்டும்.

அரைமணி நேரத்தின் கணக்கு

அரைமணி நிகழ்ச்சி என்பது அரைமணி இல்லை. முகப்பு இசை, தொடக்க அறிவிப்பு, நிறைவு அறிவிப்பு எல்லாம் போகப் பேச்சுக்குக் கிடைப்பது 28 நிமிடம். நிதானமான தமிழ்ப் பேச்சு நிமிடத்துக்கு 90 முதல் 110 சொல் வரை ஓடும். நம் சொற்கள் விகுதிகளோடு நீளமானவை என்பதால் இதைத் தாண்டினால் செய்தி வாசிப்பு ஆகிவிடும். ஆக மொத்தம் சுமார் 2,600 சொல். அதில் தொகுப்பாளர் பங்கு ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகாமலிருந்தால் நல்லது: ஏறக்குறைய 500 சொல். இந்த 500-இல் கேள்வி, நிலையத்தின் பெயரையும் விருந்தினரின் பெயரையும் திரும்பச் சொல்வது, சொல் விளக்கம், மேற்கோள் அறிமுகம் எல்லாம் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டு கேள்விகள் எழுதிக்கொண்டு வருவதன் அபத்தம் புரியும். நான்கு போதும். ஒன்று நேயரைப் பொருளுக்குள் கொண்டுவர. ஒன்று படைப்பின் ஒரு குறிப்பிட்ட பக்கத்தை, பத்தியை, வரியை நெருங்கிப் பார்க்க. ஒன்று மறுப்பு. ஒன்று இன்றைய வாழ்க்கைக்கு: மனைப்பிரிவாகும் வயல், வளைகுடா வேலைக்குப் போன மகன், கைபேசியில் கரையும் மாலைப்பொழுது. மற்றவை விருந்தினரின் பதிலிலிருந்து முளைக்க வேண்டும். ‘உங்கள் எழுத்துப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பது கேள்வியே இல்லை. அதற்குப் பதிலாக ஏழு நிமிடம் போய்விடும். அந்த ஏழு நிமிடத்தில் ஊர், பள்ளி, முதல் கதை வந்த பத்திரிகை தவிர ஒன்றும் இருக்காது.

பதிவுக்கு முன் விருந்தினரோடு பேசுவது தேவை. ஆனால் பொருளை அங்கேயே பேசித் தீர்த்துவிடக் கூடாது. நல்ல விஷயம் ஒன்று தேநீர்க் கடையில் வந்துவிட்டால், மைக் முன் அதே விஷயம் ‘முன்னாடியே சொன்னது போல’ என்று தொடங்கி, பாதிச் சூட்டில் வரும். முன்பேச்சில் கேட்க வேண்டியவை வேறு: எந்தப் பக்கத்தைப் படிக்கப் போகிறார், அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது, எதைப் பேச விரும்பவில்லை.

ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை நடுவில் வந்த நேயருக்காக ஒரு வரி சொல்ல வேண்டும். அதை அறிவிப்பாகச் சொல்லாமல் கேள்வியோடு சேர்த்துவிட்டால் உறுத்தாது: ‘கலைச்சொல் இல்லாமலே அத்வைதத்தைச் சொன்னார் நாராயண குரு என்கிறீர்கள். அப்படியானால்...’ பாதியில் ரேடியோவைத் திருப்பியவருக்கு யார், என்ன, எங்கே நிற்கிறது என்பது மூன்றும் அந்த ஒரு வரியில் கிடைத்துவிடும்.

மழை, காற்று, ‘ப்ப’

நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில் பேசினால் பாதிச் சிக்கல் இல்லை. எழுத்தாளர் வயதானவராக இருந்து அவர் வீட்டுக்கே போகும்போதுதான் எல்லாம் ஒன்றாக வரும். ஓட்டு வீட்டில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பெய்தால் பதிவை நிறுத்துவது தவிர வேறு வழியில்லை. தகரக் கொட்டகை என்றால் தூறலே போதும். ஆரல்வாய்மொழிக் கணவாய் ஓரத்து ஊர்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் காற்று, சன்னல் சட்டத்தில் ஒரு தாழ்ந்த ஊதலை உண்டாக்கும். நேரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கேட்காது, மைக்குக்குக் கேட்கும். காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க அறையைத் தேர்ந்தெடுத்து, புத்தக அலமாரியோ துணி அலமாரியோ விருந்தினரின் எதிரே இருக்கும்படி உட்காரவைத்தால் ஊதலும் எதிரொலியும் ஒன்றாகக் குறையும். வெறுஞ்சுவரைப் பார்த்துப் பேசவைக்கக் கூடாது.

மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஃபிரிட்ஜின் பிளக்கை எடுக்க வேண்டும். எடுத்ததும் கார்ச் சாவியை அந்த ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவது பழைய தந்திரம். கிளம்பும்போது பிளக்கைத் திரும்ப மாட்ட மறக்க முடியாது. தாள்களின் பின்னூசியைக் கழற்றித் தனித்தனியாக விரித்து வைக்க வேண்டும். வளையல், மேசையைத் தட்டும் விரல், நாற்காலியின் கிரீச்சு எல்லாவற்றையும் முதலிலேயே அன்பாகச் சொல்லிச் சரிசெய்துவிடலாம். நடுவில் நிறுத்திச் சொன்னால் பேச்சின் ஓட்டம் போய்விடும்.

மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே வைக்காமல் உதட்டின் மூலைக்குச் சற்றுப் பக்கமாக இருக்கட்டும். தமிழில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. ‘அப்பா’, ‘தப்பு’, ‘படைப்பு’, ‘இருப்பு’ என்று இரட்டித்த பகரம் நம் பேச்சில் நிறைந்து கிடக்கிறது. இலக்கியம் பேசினால் ‘படைப்பு’ வராமல் இருக்காது. தத்துவம் பேசினால் ‘இருப்பு’. ஒவ்வொரு ‘ப்ப’வும் உதட்டிலிருந்து ஒரு காற்றுக் குத்தை அனுப்பும். அது நேரே மைக்கின் தகட்டில் பட்டால் ‘டம்’ என்று ஒரு சத்தம் பதிவாகும். பிறகு அதை முழுமையாக எடுக்க முடியாது. ஒரு பக்கத்து ஒலியை மட்டும் பிடிக்கும் மைக்கை இன்னும் நெருக்கினால் வேறொரு சிக்கல்: தாழ்ந்த ஒலிகள் பெருத்து, குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலாகும். சிறிய ரேடியோவில் அது வெறும் முணுமுணுப்பு.

இரண்டு பேருக்கு இரண்டு மைக் என்றால், மைக்குகளுக்கு இடையிலான தூரம், வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும். ஒரு சாணில் பேசினால் மூன்று சாண். இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் சிறு கால வேறுபாட்டோடு விழுந்து, ஒன்றையொன்று சில இடங்களில் அழித்து, குரல் குழாய்க்குள் பேசுவது போல உள்ளீடற்றுக் கேட்கும். ஒலி மட்டத்தைச் சரிபார்க்க ‘ஒன்று இரண்டு மூன்று’ சொல்லச் சொல்லக் கூடாது. யாரும் எண்ணுகிற குரலில் பேசுவதில்லை. காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுவிட்டு, அதற்கும் மேல் கொஞ்சம் இடம் விட்டு, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைக்கலாம். ஆர்வம் வந்தால் குரல் எப்படியும் ஏறும்.

முடிந்ததும் யாரும் எழுந்திருக்காமல் ஒரு நிமிடம் அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் அறையின் மௌனமும் வேறு. வெட்டி ஒட்டும் இடங்களில் இந்த மௌனத்தை வைத்தால்தான் ஒட்டு தெரியாது.

வெட்டுவதில் உள்ள கடமை

28 நிமிடத்துக்கு 45 முதல் 50 நிமிடம் பதிவு செய்தால் போதும். இரண்டு மணி நேரம் எடுத்து வைத்தால் நிகழ்ச்சி தொகுப்பு மேசையில் தொலைந்துவிடும். முன்பு காந்த நாடாவைச் சாய்வாகப் பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு முடிவாக இருந்தது. இன்று கணினியில் ‘வந்து’, ‘பார்த்தீங்கன்னா’, ‘அதாவது’ எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் துடைக்க முடிகிறது. துடைக்கக் கூடாது. பத்தில் ஆறை எடுத்தால் பேச்சு தெளியும். பத்தையும் எடுத்தால் ஆள் போய்விடுவார். மூச்சை ஒருபோதும் வெட்டக் கூடாது. கடினமான கேள்விக்குப் பின் வந்த இரண்டு வினாடி மௌனத்தை அப்படியே விட வேண்டும், அதுவும் பதிலின் பகுதி. ஆனால் மத்திய அலையில் மூன்று வினாடிக்கு மேல் போனால் அந்த இடத்தைக் கொரகொரப்பு நிரப்பிவிடும்; நிலையம் போய்விட்டது என்று நேயர் முள்ளைத் திருப்புவார்.

இன்னொன்று உரிமை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிற்கும். 1897-இல் மறைந்த சுந்தரம் பிள்ளையையும் 1928-இல் மறைந்த நாராயண குருவையும் எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம். விமர்சனத்துக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்டவும் சட்டம் இடம் தருகிறது. எல்லைப்புற நிகழ்ச்சிகள் வழுக்கி விழுவது மொழிபெயர்ப்பில். குருவின் செய்யுள் எல்லோருக்கும் உரியது; ஆனால் அதன் தமிழாக்கம் சில ஆண்டுகளுக்கு முன் வந்தது என்றால், அது மொழிபெயர்ப்பாளரின் சொத்து. அனுமதி கேட்க வேண்டும், ஒலிபரப்பில் பெயர் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் பெயரைச் சொல்லாமல் கவிதை படிப்பது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் அநீதி. இரண்டு மொழிகளுக்கு நடுவில் தண்ணீர் சுமப்பவர்களை இந்த நிலத்தில் இருப்பவர்களாவது மறக்கக் கூடாது.

புதிய இடங்கள்

1995-இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச் சொத்து என்றது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா எஃப்.எம். முதல் வளாக சமுதாய வானொலியாக 90.4-இல் ஒலித்தது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலிக்கு உரிமம் பெறலாம். வீச்சுத் திறன் 100 வாட் அளவு, கோபுரம் 30 மீட்டருக்குள். சமவெளியில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகும். மலையில் ஒரு பள்ளத்தாக்கு. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர்ப் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்பது விதி. வயநாட்டில் மானந்தவாடிப் பக்கம் இயங்கும் ரேடியோ மாற்றொலி பழங்குடி மொழிகளிலும் பேசுவது இந்த ஏற்பாட்டால்தான். இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் இது பொருந்தும் இடம். ஒரு வட்டாரத்துக்கு மட்டும் பேசும்போது, களியக்காவிளை சந்தைப் பேச்சிலேயே ஒரு நாவலை விவாதிக்கலாம். சென்னைக்குப் புரியுமா என்று கவலைப்பட வேண்டாம்.

இவற்றில் பேசப்பட்டதைச் சேமிப்பதில்தான் நாம் மிகவும் தவறியிருக்கிறோம். காந்த நாடா விலை உயர்ந்ததாக இருந்த காலத்தில், ஒலிபரப்பானதை அழித்து அதன் மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வது உலகெங்கும் வழக்கம். இரண்டு மொழியிலும் எழுதிய, இரண்டு மொழியிலும் யோசித்த ஒரு தலைமுறையின் குரல்கள் அப்படிப் போயிருக்கின்றன. இன்று சேமிப்புக்குச் செலவு மிகக் குறைவு. சுருக்காத கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்தால் ஒரு மைக்குக்கு ஒரு மணி நேரம் சுமார் 500 எம்.பி. தொகுத்த 28 நிமிடத்தோடு, தொகுக்காத 50 நிமிடத்தையும் வைக்க வேண்டும். விட்டுப்போன 22 நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று பின்னால் வருபவர் முடிவு செய்யட்டும். ஒரே வீட்டில் இரண்டு பிரதி வைப்பது ஒரு பிரதி வைப்பதற்குச் சமம். கோப்பின் பெயரில் நாள், ஊர், பேசியவர் பெயர், பேசிய மொழி இருக்கட்டும். இரண்டு மொழியில் பேசியிருந்தால், எந்த நிமிடத்தில் மலையாளத்துக்குப் போனார், எந்த நிமிடத்தில் தமிழுக்குத் திரும்பினார் என்பதையும் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.